முகம் கேட்கும் நேரம்

"நீங்க வேலைக்குப் போறீங்களா, இல்ல வீட்டுலதான் இருக்கீங்களா?"

பூங்காவில் சறுக்குமரத்துக்குப் பக்கத்தில் நின்றுகொண்டு ஒரு பெண் என்னிடம் இப்படிக் கேட்டார். அவர் மகனும் என் மகளும் அப்போதுதான் ஒரு காலி காகிதக் கோப்பைக்காகச் சண்டை போட்டு ஓய்ந்திருந்தார்கள். அவர் தவறாக எதுவும் கேட்கவில்லை. பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு வரும் அம்மாக்கள் ஒருவரையொருவர் கேட்டுக்கொள்வதுதான். அந்த நேரம் பார்த்து செல்போன் அடித்தது. "ஒரு நிமிஷங்க" என்று குழந்தையைத் தூக்கிக்கொண்டு நகர்ந்தவள், பிறகு அவர் இருக்கும் பக்கமே போகவில்லை. அந்தக் கேள்விக்கு இன்றுவரை என்னிடம் பதில் இல்லை.

வேலைக்குப் போகிறேன் என்று சொன்னால் அது பொய். வீட்டில் இருக்கிறேன் என்றால் அதுவும் பொய். ஓட்டல் சாப்பாட்டை வீடு வீடாகக் கொண்டுபோய்க் கொடுக்கும் ஒரு கம்பெனியின் கணக்கில் நான் டெலிவரி ஊழியர். சாப்பாடு வாங்குகிறவர்களிடம் நல்ல மதிப்பெண் வாங்கியவள். புதுச்சேரியில் யாராவது பிரியாணி கேட்டுப் பதிவு செய்தால், 'உங்கள் உணவைக் கொண்டு வருகிறார்' என்று அவர்கள் செல்போனில் என் பெயரும் படமும் தெரியும். பெரிய பொட்டு வைத்து, தலை வாரி, சிரிக்காமல் இருக்கும் முகம். கதவைத் திறந்தால் மீசை வைத்த ஒருவர் நிற்பார். அவர் என் கணவர்.

இது எப்படி இப்படி ஆனது என்று நானே பலமுறை பின்னோக்கிப் போய்ப் பார்த்திருக்கிறேன். எந்த இடத்தில் வேறு மாதிரி செய்திருக்கலாம் என்று தேடுவேன். ஒவ்வொரு இடத்திலும் அப்போது செய்ததுதான் சரி என்று தோன்றும். மறுநாள் தோன்றாது.

அவர் முதலில் தொழிற்பேட்டையில் மின்சார சுவிட்ச் பெட்டி செய்யும் கம்பெனி ஒன்றில் இருந்தார். கான்ட்ராக்டர் மூலமாகத்தான். எங்கள் திருமணத்துக்கு முன்பிருந்தே அங்கே இருந்தும் அவர் பெயர் அந்தக் கம்பெனியில் எங்கேயும் இல்லை. வரிச்சலுகை முடிந்ததும் முதலாளி இயந்திரங்களை வேறு மாநிலத்துக்கு லாரியில் ஏற்றினார். அந்த இயந்திரங்களைக் கழற்றி, சணல் சாக்கு சுற்றி, லாரியில் தூக்கி வைத்துக் கயிறு கட்டியது என் கணவரும் அவரோடு இருந்தவர்களும்தான். அன்றைக்கும் கூலி கொடுத்தார்கள். வீட்டுக்கு வந்து, "நல்லா இறுக்கிக் கட்டிட்டோம், அசையாது" என்று சொன்னார். அதைச் சொல்லிவிட்டுச் சிரித்தார். எனக்கு அப்போது ஏழாவது மாதம்.

அதன் பிறகுதான் டெலிவரிப் பையை மாட்டினார். தொடக்கத்தில் அவர் பெயரிலேயே கணக்கு இருந்தது. எல்லாரும் அதை ஐடி என்பார்கள். ஒரு நாள் கடற்கரைப் பக்கம் ஒரு விடுதியில் தங்கியிருந்தவர் சாப்பாடு வரவில்லை என்று புகார் கொடுத்துவிட்டார். உள்ளே விடமாட்டோம் என்றதால் வாசல் காவலாளி கையில் கொடுத்துவிட்டு வந்ததாக இவர் சொன்னார். அதை யாரிடம் போய்ச் சொல்வது? கம்பெனிக்கு இந்த ஊரில் அலுவலகம் இல்லை. செல்போனில் எழுதினால் 'உங்கள் கோரிக்கை பெறப்பட்டது' என்று வரும். சில நாள் கழித்து ஐடி மூடப்பட்டது. ஒருமுறை மூடினால் அந்தப் பெயருக்கு மறுபடி திறக்க மாட்டார்களாம்.

அவரோடு ஓட்டிக்கொண்டிருந்த பாய்தான் வழி சொன்னார். பாய் எங்களைவிட மூத்தவர். நேரு வீதியில் ஒரு துணிக்கடையில் வெகுகாலம் விற்பனையாளராக நின்றவர், கடை கைமாறியதும் இதற்கு வந்தவர். எங்கள் வீட்டு வாசலில் வண்டியை விட்டு இறங்காமலே சொன்னார்.

"வூட்டுக்காரம்மா பேர்ல போட்டுக்கப்பா. பாதிப் பேரு அப்பிடித்தான் ஓட்டறானுங்க. தங்கச்சிக்கு லைசென்ஸ் இருக்குதா?"

"இருக்குது பாய். ஆனா ஓட்டத் தெரியாது."

"அது லைசென்ஸுக்குத் தெரியாதில்ல?"

கல்லூரியில் எம்.காம். படிக்கும்போது தோழிகளோடு சேர்ந்து எடுத்த உரிமம் அது. மைதானத்தில் ஒருமுறை எட்டு போட்டதோடு சரி. அதன் பிறகு தெருமுனையில் ஒரு நாயைக் கண்டு விழுந்தேன், வண்டியைத் தொடவே இல்லை. பெண்கள் எல்லாரும் ஸ்கூட்டியில் பறக்கும் இந்த ஊரில் நான் பின்னால் உட்காருவதற்கே கம்பியைப் பிடித்துக்கொள்பவள். பெயர்தானே என்று சம்மதித்தேன். படம் எடுப்பதற்காகப் பொட்டு வைத்துக்கொண்டேன்.

பெயர் மட்டும் போதாது என்பது முதல் வாரத்திலேயே தெரிந்தது. அந்தச் செயலி நினைத்த நேரத்தில் முகம் கேட்கும். 'ஹெல்மெட்டைக் கழற்றிவிட்டு உங்கள் முகத்தைக் காட்டவும்' என்று திரையில் ஒரு வட்டம் வரும். சில நிமிடத்துக்குள் அந்த வட்டத்துக்குள் என் முகம் இருக்க வேண்டும். முதல் தடவை கேட்டபோது அவர் ஊரின் இன்னொரு பக்கம், சாரம் பகுதியில் இருந்தார், நான் முதலியார்பேட்டையில் எங்கள் வீட்டு அடுப்படியில் அப்பளம் பொரித்துக்கொண்டிருந்தேன். சிக்னலை எல்லாம் தாண்டிக்கொண்டு வந்து சேர்ந்தார். அதற்குள் நேரம் முடிந்து, அன்றைக்கு முழுவதும் ஐடியைப் பூட்டிவிட்டார்கள். வாசலில் உட்கார்ந்துவிட்டார். அடுப்பில் எண்ணெய் புகைந்துகொண்டிருந்தது. இரண்டில் எதை முதலில் பார்ப்பது என்று எனக்குப் புரியவில்லை.

மறுநாளிலிருந்து நானும் மகளும் அவரோடு புறப்பட்டோம். காலைச் சாப்பாடு முடித்து, தண்ணீர் பாட்டில், தயிர்சாதம், மாற்றுத்துணி எல்லாம் எடுத்துக்கொண்டு, அந்தப் பெரிய பையையும் சேர்த்து மூவரும் ஒரே வண்டியில். ஓட்டல்கள் நிறைந்த வீதிகளுக்கு நடுவில் இருக்கும் பூங்காவில் எங்களை இறக்கிவிடுவார். அவர் எங்கே போனாலும் அங்கேயிருந்து திரும்பி வரும் தூரத்திலேயே ஆர்டர் எடுப்பார். முகம் கேட்டால் வாசலில் வந்து ஹாரன் அடிப்பார். நான் ஓடிப்போய் முகத்தைக் காட்டுவேன், அவர் போய்விடுவார். மதியம் ஒருமுறை, சாயங்காலம் ஒருமுறை கேட்கும். சில நாள் கேட்கவே கேட்காது. கேட்காத நாளில்தான் இன்னும் பயமாக இருக்கும், இப்போது கேட்குமோ என்று கழிவறைக்குக்கூடப் போகாமல் உட்கார்ந்திருப்பேன்.

வாசல் மரத்தடியில் டெலிவரிக்காரர்கள் நிற்பார்கள். கொஞ்ச நாளில் எல்லாருக்கும் என்னைத் தெரிந்துவிட்டது. ஹாரன் சத்தம் கேட்கவில்லை என்றால் அவர்களே குரல் கொடுப்பார்கள்.

"அண்ணி, வாங்க. உங்க மூஞ்சிக்கு ஆர்டர் வந்துடுச்சு."

"இன்னா அண்ணி, இன்னிக்குப் பவுடர் தூக்கலா இருக்குது? போனுக்குக் கண்ணு கூசப் போவுது."

அவர்களைக் கோபித்துக்கொள்ள முடியவில்லை. நானும் சிரிப்பேன். அவர்களும் என் கணவர் மாதிரிதானே, ஒருவர் தம்பி பெயரில் ஓட்டுகிறார், ஒருவர் இறந்துபோன தன் அண்ணன் பெயரில் ஓட்டிக்கொண்டிருந்து முகம் கேட்க ஆரம்பித்ததும் நின்றுவிட்டார்.

கஷ்டம் மகளால்தான் வந்தது. அவளால் என்று எழுதக்கூடாது, அவளுக்கு என்றுதான் எழுத வேண்டும். அப்போது அவளுக்கு இரண்டு வயது முடிந்திருந்தது. அம்மா செல்போனைத் தூக்கிப் பார்த்தால் அவளும் கன்னத்தோடு கன்னம் வைத்துக்கொள்வாள். எல்லாக் குழந்தைகளும் அப்படித்தான். வட்டம் சிவப்பாகும். 'ஒரு முகம் மட்டுமே இருக்க வேண்டும்.' நான் அவளைக் கையால் தள்ளுவேன். அவள் விளையாட்டு என்று நினைத்து மறுபடி நுழைவாள். நேரம் ஓடிக்கொண்டிருக்கும், அவர் வண்டியை அணைக்காமல் நிற்பார். ஒருமுறை அவளைக் கொஞ்சம் வேகமாகவே தள்ளிவிட்டேன். புல்லில்தான் விழுந்தாள், அடி ஒன்றும் இல்லை. வட்டம் பச்சையானது. அவர் போனார். அவள் அழவில்லை. என்னைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தாள்.

பூங்காவுக்குப் போட்டித்தேர்வுப் புத்தகம் எடுத்துப் போனேன். உட்கார்ந்திருக்கும் நேரத்தில் படிக்கலாம் என்று ஆசை. அந்தப் புத்தகத்தில் 'அமைப்புசாராத் தொழிலாளர்' என்று ஒரு பாடம் இருந்தது. நாட்டின் வளர்ச்சியில் அவர்கள் பங்கு என்ன, அவர்களுக்கு என்னென்ன இல்லை என்று. நான் அதைப் படித்து மனப்பாடம் செய்ய முயன்றேன். ஒரு கண் பக்கத்தில், ஒரு கண் மகள் மீது, காது வாசல் மீது. பக்கம் திரும்பவே இல்லை. எங்கள் வீட்டு உரிமையாளர் அம்மாவுக்குப் பிரான்சிலிருந்து பென்ஷன் வருகிறது. அவர் கணவர் இளம்வயதில் அந்த நாட்டுப் படையில் செய்த வேலைக்கு, கணவரும் போய், அந்த ஆட்சியும் போய், இன்றும் கடல் தாண்டி வருகிறது. அவரைக் குறை சொல்லவில்லை, எங்களிடம் அன்பானவர். ஆனால் என் கணவர் நேற்று செய்த வேலைக்கே அவர் பெயரில் சாட்சி இல்லை என்று அந்த அம்மாவைப் பார்க்கும்போதெல்லாம் நினைத்துக்கொள்வேன்.

விபத்து ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம் நடந்தது. வெளியூர்க் கார்கள் நிறைந்திருக்கும் நாள். கடலூர் சாலையில் ஓரமாக நின்றிருந்த ஒரு காரின் கதவு திடீரென்று திறந்தது. இவர் அதில் மோதி, எதிர்ப்பக்கம் விழுந்தார். பாய் பூங்காவுக்கு வந்து என்னையும் மகளையும் கூட்டிப் போனார்.

"பதறாத தங்கச்சி. காலுதான். தலையில ஒண்ணும் இல்ல, பேசறான்."

நாங்கள் போனபோது அவர் ஒரு கடைப் படியில் சாய்ந்திருந்தார். இடது கால் முழங்காலுக்குக் கீழே வேறு பக்கம் பார்த்துக்கொண்டிருந்தது. அவர் சட்டைப் பையில் செல்போன் அடித்துக்கொண்டே இருந்தது. பாய் எடுத்தார். சாப்பாடு எங்கே என்று பதிவு செய்தவர் கேட்டார். "தோ வந்துட்டே இருக்கு சார்" என்றார் பாய். பிறகு பையிலிருந்து பொட்டலத்தை எடுத்து, கசிந்திருக்கிறதா என்று தடவிப் பார்த்தார்.

"ஆட்டோ வந்துட்டு இருக்குது. நான் இத மொதல்ல குடுத்துட்டு ஆஸ்பத்திரிக்கு வந்துடறேன். இல்லன்னா உன் ஐடிக்கு வேட்டு வெச்சுடுவானுங்க."

என் கணவர் பல்லைக் கடித்துக்கொண்டு, "ரெண்டாவது மாடி பாய், லிஃப்ட் வேலை செய்யாது" என்றார். 

கோரிமேட்டு ஆஸ்பத்திரியில் நல்லபடியாகவே பார்த்தார்கள். வெளியூர்ப் பேருந்துகளில் வந்து இறங்கிய கூட்டத்துக்கு நடுவிலும் ஸ்ட்ரெச்சர் உடனே கிடைத்தது. இளம் டாக்டர் ஒருவர், "வண்டி ஓட்டுனது யாரு?" என்று கேட்டார். "இவருதான்" என்றேன். அது உண்மை. சொன்ன பிறகுதான் யோசித்தேன், உண்மையைச் சொல்லித் தவறு செய்துவிட்டேனோ என்று.

அவரை எக்ஸ்ரேவுக்குத் தள்ளிக்கொண்டு போனார்கள். நான் மகளை இடுப்பில் வைத்துக்கொண்டு நடைபாதையில் நின்றேன். அவர் செல்போன் என் கையில் இருந்தது. அப்போது முகம் கேட்டது.

செயலியை யாரும் அணைக்கவில்லை. அவர் இன்னும் சாலையில் ஓடிக்கொண்டிருப்பதாக அது நினைத்தது. இல்லை, நான் ஓடிக்கொண்டிருப்பதாக. அப்போது நான் அதை அணைத்திருக்கலாம், கேட்டது கேட்கட்டும் என்று பையில் போட்டிருக்கலாம். ஆனால் நான் வெளிச்சம் தேடினேன். பக்கத்தில் திண்டிவனத்திலிருந்து தன் தகப்பனாரைக் கூட்டிக்கொண்டு வந்திருந்த ஒரு பெண் நின்றிருந்தார். "கொஞ்சம் புடிக்கறீங்களா?" என்று மகளை அவர் கையில் கொடுத்தேன். சன்னல் ஓரமாகப் போய், கண்ணைத் துடைத்து, நெற்றி முடியை ஒதுக்கி, பொட்டு நேராக இருக்கிறதா என்று பார்த்து, வட்டத்துக்குள் முகத்தை வைத்தேன். பச்சை வந்தது.

"யாருக்கும்மா போட்டோ? ஊருக்கு அனுப்பறியா?" என்று கேட்டார் அந்தப் பெண்.

"ஆமாங்க" என்றேன்.

என் கணவர் கால் ஒடிந்து கிடக்கும்போது முடியை ஒதுக்கிய கை இது. இதே கைதான் அன்று இரவு அவருக்குக் கஞ்சி ஊட்டியது. எது என் கை என்று கேட்டால் எனக்குத் தெரியாது. 

கம்பி வைத்து, கட்டுப் போட்டு வீட்டுக்கு அனுப்பினார்கள். செயலியில் விபத்து நடந்தால் அழுத்த ஒரு சிவப்புப் பொத்தான் இருக்கிறது. அழுத்தினால் காப்பீடு கிடைக்கும், வேலை செய்யாத நாட்களுக்கும் ஏதோ உண்டு என்கிறார்கள். ஆனால் அது ஐடிக்கு உரியவருக்கு. அதாவது எனக்கு. பாய் ஆரஞ்சுப்பழத்தோடு பார்க்க வந்தபோது இதைப் பற்றிப் பேச்சு வந்தது.

"தங்கச்சிதான் ஓட்டுனாங்கன்னு சொல்லிடலாமே" என்றார், பாதி விளையாட்டாக.

"காலு யாருதுன்னு கேட்டா இன்னா சொல்றது பாய்?" என்றார் என் கணவர்.

"குடும்பத்துக்குப் பொதுன்னு சொல்லு."

இருவரும் சிரித்தார்கள். நான் அடுப்படியில் நின்று கேட்டுக்கொண்டிருந்தேன். பொத்தானை அழுத்தினால் விசாரிப்பார்கள். ஆஸ்பத்திரியில் அவர் பெயர், கம்பெனியில் என் பெயர். பொய் தெரிந்தால் என் ஐடியும் மூடப்படும். அவர் பெயர் ஏற்கெனவே மூடியது. கால் சரியானாலும் திரும்பிப் போக இடம் இருக்காது. அழுத்தாமல் விட்டால், எங்களுக்கு ஒன்றுமே நடக்கவில்லை என்று ஆகிவிடும். நான் இதுவரை அழுத்தவில்லை. தினமும் ஒருமுறை செயலியைத் திறந்து அந்தப் பொத்தானைப் பார்க்கிறேன்.

கிளம்பும்போது பாய் தயங்கித் தயங்கி இன்னொன்று சொன்னார். ஐடியைச் சும்மா விட்டால் அதுவும் செத்துவிடும். அவருடைய மச்சான் ஒருவர் இருக்கிறார், மில் மூடியதிலிருந்து நிலையான வேலை இல்லை, ஏதோ காரணத்தால் அவருக்கு ஐடி கிடைக்கவில்லை. அவர் ஓட்டினால் ஐடியும் உயிரோடு இருக்கும், எங்களுக்கும் வாரம் ஒரு பங்கு வரும். இரண்டு நாள் கழித்து அந்த மனிதர் நேரில் வந்தார். வாசலிலேயே நின்றார், என் முகத்தைப் பார்க்காமல் தரையைப் பார்த்துப் பேசினார்.

"மொகம் கேட்டா மட்டும் வருவேன் மா. வாசல்லயே நின்னுக்கறேன். ஒரு அன்னியப் பொம்பளைகிட்ட வந்து மூஞ்சியக் காட்டுன்னு கேக்கறதுக்கு எனக்கே ஒரு மாதிரிதான் இருக்குது. இன்னா பண்றது."

நல்ல மனிதர். அதனால்தான் இன்னும் கஷ்டமாக இருந்தது. என் கணவர் சுவரைப் பார்த்துக்கொண்டு, "உன் இஷ்டம்" என்றார். யோசித்துச் சொல்கிறேன் என்று அனுப்பினேன். என்ன யோசித்தேன்? என் முகத்தைக் கேட்டு வாசலில் ஓர் ஆள் நிற்பதைத் தெருவே பார்க்கும் என்று யோசித்தேன். அடுத்த நிமிடமே, தெரு நமக்குச் சோறு போடுகிறதா என்று யோசித்தேன்.

கடைசியில் நானே வண்டியை எடுத்தேன். வீம்பு ஒன்றும் இல்லை, வேறு எதற்கும் சரி என்று சொல்ல வாய் வரவில்லை, அவ்வளவுதான். ஒரு வாரம் விடியற்காலையில் எங்கள் தெருவிலேயே ஓட்டிப் பழகினேன். அவர் சன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு, "ஆக்சிலேட்டர முறுக்காத, தடவு" என்று கத்துவார். மகள் அவரோடு கட்டிலில் இருப்பாள். பிறகு, அவள் தூங்கும் மதிய நேரத்தில் மட்டும் சாலைக்குப் போனேன்.

மூன்றாவது நாளோ நான்காவது நாளோ, சாரத்தில் ஒரு வீட்டுக்கு மீன் சாப்பாடு. இந்த ஊர் சின்ன ஊர், என் அம்மா வீட்டுத் தெருவே வந்து விழுந்தது. எனக்கு வந்த ஆர்டர்களில் பலவற்றை ஏற்கெனவே பயத்தில் தள்ளிவிட்டிருந்தேன், இதையும் தள்ள முடியாது. தலையைக் குனிந்துகொண்டு கடந்துவிடலாம் என்று போனேன். தெருவுக்குள் திரும்பும்போது முகம் கேட்டது.

எனக்குச் சிரிப்புதான் வந்தது. முதல்முறையாக நான் நானாகவே வண்டியில் இருந்தேன். ஹெல்மெட்டைக் கழற்றி முகத்தைக் காட்டினேன். சிவப்பு. 'முகம் பொருந்தவில்லை.' மறுபடி காட்டினேன். மறுபடியும் சிவப்பு. கண்ணாடியில் பார்த்தேன். வேர்வையில் முடி ஒட்டி, வெயிலில் கறுத்து, பொட்டு எங்கோ விழுந்து, எனக்கே யாரோ போல இருந்தது. இன்னொரு முறை தவறினால் பூட்டிவிடுவார்கள். அம்மா வீடு நாலு வீடு தள்ளி இருந்தது. 

அம்மா வாசலில் துணி எடுத்துக்கொண்டிருந்தார். பையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.

"இதுக்கா எம்.காம். படிக்க வெச்சேன்? பார்க்குல உக்காந்தது பத்தலையா? அவன் காலை ஒடச்சுக்கினான், நீ எதை ஒடைக்கப் போற?"

"அம்மா, அப்பறம் திட்டு. மொகம் கழுவணும். நேரம் இல்ல."

அம்மா இன்னும் ஏதோ சொல்லிக்கொண்டேதான் குழாயைத் திறந்தார். நான் கழுவினேன். முந்தானையால் என் முகத்தை அழுத்தித் துடைத்தார், சின்ன வயதில் பள்ளிக்கு அனுப்பும்போது துடைப்பது போல, வலிக்க வலிக்க. என் செல்போனில் இருந்த படத்தை எட்டிப் பார்த்தார். தன் நெற்றியில் இருந்த ஸ்டிக்கர் பொட்டை எடுத்து என் நெற்றியில் வைத்தார்.

"இன்னும் கொஞ்சம் மேல. தோ, இப்பக் காட்டு."

பச்சை.

"யாருக்குடி சாப்பாடு?"

"அந்தக் கடைசி மாடி வூடு."

"அவங்களா? குடு இங்க. என் தெருவுல நீ இந்தப் பைய மாட்டிக்கினு நடக்க வேணாம்."

பொட்டலத்தைத் தன் துணிப்பையில் போட்டுக்கொண்டு, பக்கத்து வீட்டுக்குக் குழம்பு கொடுக்கப் போவது போல நடந்து போனார். நான் கேட்டுக்குப் பின்னால் நின்றிருந்தேன். திரும்பி வந்தபோது அம்மா முகத்தில் கோபமும் வேறு ஏதோவும் கலந்திருந்தது.

"அந்தம்மா கேக்குது, நீங்க எப்பக்கா இதுல சேந்தீங்கன்னு."

ஐடி என்னுடையது, வண்டி என் கணவருடையது, படியேறிக் கொடுத்தது என் அம்மா. அதற்கும் ஐந்து நட்சத்திரம் வந்தது. நான் கிளம்பும்போது அம்மா, எங்கள் வீட்டுப் பக்கத்தில் ஒரு சின்ன தனியார் பள்ளியில் ஆசிரியை வேலைக்கு ஆள் தேடுகிறார்கள், போய்ப் பார் என்றார். "சொல்லிக்கறதுக்காவது ஒரு பேரு இருக்கும்டி."

போய்ப் பார்த்தேன். என்னை அவர்களுக்குப் பிடித்துவிட்டது. ஜூனில் பள்ளி திறக்கும்போது சேரலாம். "பேப்பரெல்லாம் ஒண்ணும் கிடையாதும்மா, போகப் போகப் பாத்துக்கலாம். வர்றதா இருந்தா திறக்கறதுக்குள்ள சொல்லிடுங்க, வெளியில ஆளுங்க நிக்கறாங்க" என்றார் நிர்வாகி. கோடை விடுமுறைக்குச் சம்பளம் கிடையாது. காலையில் செல்போனை அலுவலகத்தில் ஒப்படைத்துவிட வேண்டும், சாயங்காலம்தான் தருவார்கள். அதாவது பகல் முழுவதும் என் முகம் அங்கே இருக்கும். ஐடி செத்துவிடும். என் கணவர் நடக்கத் தொடங்கும்போது அவருக்கென்று எதுவும் இருக்காது. மழைக்காலத்துக்குப் பிறகு வண்டி ஓட்டலாம் என்று டாக்டர் சொல்லியிருக்கிறார். அவர் அந்த ஒரு வார்த்தையைப் பிடித்துக்கொண்டுதான் கட்டிலில் கிடக்கிறார். பள்ளியைப் பற்றிச் சொன்னபோது, "போ, நல்லதுதான்" என்றார். சொல்லிவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டார். அவர் தூங்கவில்லை என்று எனக்குத் தெரியும்.

போன மாதம் மகளுக்கு மூன்று வயது ஆனது. பாயசம் வைத்தேன், அம்மா புதுச்சட்டை எடுத்து வந்தார். கட்டிலில் இருந்தபடியே அவர் எங்கள் இருவரையும் படம் எடுக்கிறேன் என்று செல்போனைத் தூக்கினார். நான் மகளை மடியில் உட்காரவைத்தேன். செல்போன் எங்களை நோக்கித் திரும்பியதும் அவள் சத்தமில்லாமல் என் மடியிலிருந்து வழுக்கி இறங்கிப்போய்க் கட்டிலுக்கு அடியில் உட்கார்ந்துகொண்டாள். யாரும் தள்ளவில்லை. "பாப்பா, வா" என்று கூப்பிட்டேன்.

"அம்மா மட்டும்" என்றாள்.

அவர் செல்போனைக் கீழே வைத்துவிட்டார். அந்தப் பிறந்தநாளுக்கு எங்களிடம் படம் இல்லை.

இதைப் படிக்கிறவர்களில் எங்களைப் போல இன்னொருவர் பெயரில் பிழைத்தவர்கள் இருக்கலாம். இப்படிப்பட்ட கம்பெனிகளுக்குள் வேலை பார்த்து, அங்கே கதவு எந்தப் பக்கம் திறக்கும் என்று தெரிந்தவர்களும் இருக்கலாம். உங்களிடம்தான் கேட்கிறேன். நான் அந்தச் சிவப்புப் பொத்தானை அழுத்தி நடந்ததை நடந்தபடி சொல்லலாமா, சொன்னால் யாராவது கேட்பார்களா? பாயின் மச்சானுக்கு என் முகத்தைக் கொடுத்துவிட்டு மகளோடு வீட்டில் இருப்பது பாவமா, புத்தியா? பள்ளிக்குப் போனால் என் கணவரைக் கைவிட்டவள் ஆவேனா? வண்டியிலேயே தொடர்ந்தால் மகளையா? நான் எந்தப் பக்கம் யோசித்தாலும் யாரோ ஒருவரைத் தள்ளித்தான் நிற்க வேண்டியிருக்கிறது. பள்ளி திறக்க இன்னும் கொஞ்ச நாள் இருக்கிறது. என் நிலையில் நீங்கள் இருந்தால் என்ன செய்வீர்கள் என்று தயவுசெய்து எழுதுங்கள். அதோடு, மடியில் உட்காராத குழந்தையைத் திரும்ப உட்காரவைக்க வழி தெரிந்தவர்கள் இருந்தால், மற்றதை விட்டுவிட்டு முதலில் அதைச் சொல்லுங்கள்.